இலை கூடினால் குழம்பு கூடுமா? கல்லூரிக் கால்பந்து கான்ஃபரன்ஸ் விரிவாக்கத்தின் கணக்கு

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்து, இலையுதிர்கால சனிக்கிழமைகளைத் தங்கள் பழைய கல்லூரியின் கால்பந்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர்கள். "எங்கள் கான்ஃபரன்ஸில் இன்னும் இரண்டு கல்லூரிகளைச் சேர்க்கலாம் என்று பேச்சு. பணம் வருமா, இல்லை இருக்கிறதும் போகுமா?" ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "பழைய மாணவர் கூட்டத்தில் கருத்துக் கேட்கிறார்கள். நான் எந்தப் பக்கம் கை தூக்க?"

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. இங்கே கால்பந்து என்றால் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்து. தங்களுக்குள் ஆடி, தொலைக்காட்சி உரிமையைச் சேர்ந்து விற்று, வருகிற காசைப் பங்கு போட்டுக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டுதான் கான்ஃபரன்ஸ். 1984 வரை அந்த உரிமை முழுவதும் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. ஒக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆள் சேர்க்கும் போட்டி அங்கே தொடங்கியதுதான், இன்னும் ஓயவில்லை.

இப்போது பசி இன்னும் கூடியிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். முன்பு இல்லாத செலவு இது. ஆகவே கான்ஃபரன்ஸிலிருந்து வருகிற ஒவ்வொரு லட்சத்தையும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

## முதலில் அளவுகோல்

பந்தியில் இரண்டு இலை கூடுதலாகப் போட்டால் குழம்பும் அதற்கேற்றபடி கூட வேண்டும். "மொத்த வருமானம் உயர்ந்தது" என்றுதான் அறிக்கை வரும். நாம் பார்க்க வேண்டியது தலைக்கு எவ்வளவு என்பதை. கற்பனையாக ஒரு கணக்கு: 10 கல்லூரிகள், ஆளுக்கு 3 கோடி டாலர், மொத்தம் 30 கோடி. புதிதாக இரண்டு பேர் வந்து மொத்தத்தை 35 கோடி ஆக்குகிறார்கள். நல்ல சேதிதான். ஆனால் 35-ஐ 12-ஆல் வகுத்தால் தலைக்கு 2.92 கோடி. பழைய பத்துப் பேரும் ஆளுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் இழந்திருக்கிறார்கள்.

அடுத்து, அந்தக் கூடுதல் பணத்தைத் தரப்போவது யார் என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். "புதிதாக வரும் உறுப்பினருக்கும் அதே தொகை" என்ற ஷரத்து சில ஒப்பந்தங்களில் உண்டு. இருந்தால் தொலைக்காட்சி நிறுவனம் இலைக்கு இலை பரிமாற வேண்டும். இல்லையென்றால் பழைய பானையிலிருந்துதான் அள்ள வேண்டும்.

மூன்றாவதாக, ஆள் கூடினாலும் கூடாத பானைகள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 2026 முதல் ஆறு ஆண்டுகளுக்கு, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் போட்டிகளுக்காக விளையாட்டுச் சேனலான இ.எஸ்.பி.என். தருவது ஆண்டுக்குச் சராசரியாக 130 கோடி டாலர். அதில் நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களுக்குப் போவது இப்படி: பிக் டென்னுக்கும் எஸ்.இ.சி.க்கும் தலா 29 சதவீதம், ஏ.சி.சி.க்கு ஏறத்தாழ 17, பிக் 12-க்கு ஏறத்தாழ 15. இந்தச் சதவீதம் கான்ஃபரன்ஸுக்கு, கல்லூரிக்கு அல்ல. பிக் டென்னின் 29 சதவீதம் 37.7 கோடி. பெயரில் பத்து இருந்தாலும் இப்போது உள்ள 18 பேர் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 2.09 கோடி, 20 பேர் பிரித்தால் 1.89 கோடி. தொலைக்காட்சி ஒப்பந்தம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்த இடத்தில் ஆளுக்கு 20 லட்சம் டாலர் கழன்றுவிடும்.

பயணச் செலவு, வெளியேறும் கட்டணம், வக்கீல் செலவு ஆகியவற்றை அந்தந்த வழியோடு சேர்த்துப் பார்ப்போம். கடைசி அளவுகோலுக்கு டாலர் மதிப்புப் போட முடியாது: இதைச் செய்தால், அல்லது செய்யாவிட்டால், நம்மில் யார் மூட்டை கட்டுவார்கள்?

## இருக்கிறபடியே இருப்பது

கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலான வருடங்களில் ஜெயிப்பது இந்த வழிதான். பங்கு குறையாது, பயணம் கூடாது, வாக்கும் நீர்த்துப்போகாது. 2016-இல் பிக் 12 இப்படித்தான் முடிவெடுத்தது. பல கல்லூரிகளைப் பரிசீலித்துப் பதினொன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசியது. ஒப்பந்தத்தில் "அதே தொகை" ஷரத்து இருந்தது, ஆனால் அந்தக் கல்லூரிகளுக்கு அவ்வளவு கொடுக்க ஒப்பந்தம் போட்டிருந்த சேனல்களான இ.எஸ்.பி.என்.னுக்கும் ஃபாக்ஸுக்கும் மனமில்லை. அக்டோபர் 17 அன்று, யாரையும் சேர்ப்பதில்லை என்று அறிவித்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள். மாதக் கணக்கில் பெண் பார்த்துவிட்டு, ஒருவர் வீட்டிலும் கை நனைக்காமல் திரும்பிய கதை.

தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் பழைய பத்துப் பேரும் பங்கு குறையாமல் இருந்தார்கள். 2021-இல் டெக்ஸஸும் ஒக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குக் கிளம்புகிறோம் என்று சொன்னபோது, அதே பதினொன்றில் இருந்த பி.ஒய்.யு., சின்சினாட்டி, ஹூஸ்டன், யு.சி.எஃப். நான்கையும் கூப்பிட்டார்கள். அவர்களும் காத்திருந்ததுபோல் வந்தார்கள். தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளக் கீழ்த்தட்டில் ஆள் இருக்கும்வரை சும்மா இருப்பதில் பெரிய ஆபத்தில்லை.

அதே உத்தி மேற்குக் கடற்கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12-ஐ அழித்தது. 2021 ஆகஸ்டில் பிக் 12 தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே மீதமிருந்த எட்டுக் கல்லூரிகளில் எதையும் எடுக்கப்போவதில்லை என்று பேக்-12 அறிவித்தது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அது சரியான கணக்காகத்தான் தெரிந்திருக்கும். பத்தே மாதத்தில், 2022 ஜூன் 30 அன்று, அதன் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகளான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் போனதும் பேக்-12-இன் கையில் விற்பதற்குச் சரக்கு குறைந்துவிட்டது. பிக் 12 முந்திக்கொண்டு 2022 அக்டோபரில் இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸுடன் ஆறு வருடத்துக்கு 228 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. தலைக்கு ஆண்டுச் சராசரி 3.17 கோடி. பேக்-12 கையில் கடைசியாக இருந்தது சந்தா எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்கும் ஆப்பிள் ஒப்பந்தம். 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில், ஐந்து கல்லூரிகள் கிளம்பின. ஒரு காலத்தில் பன்னிரண்டு பேர் இருந்த வீட்டில் கடைசியில் மிஞ்சியவர்கள் ஒரிகான் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்.

ஆகவே இந்த வழியின் மறைந்த செலவு எந்த வரவு செலவு அறிக்கையிலும் வராது. உங்கள் கான்ஃபரன்ஸில் தொலைக்காட்சிக்காரர்கள் உண்மையில் விலை கொடுப்பது யாருக்கு என்று யோசியுங்கள். அநேகமாக இரண்டு அல்லது மூன்று பெயர்கள்தான் வரும். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லையென்றால் சும்மா இருக்கலாம். இடம் இருந்தால், சும்மா இருப்பதும் ஒரு சூதாட்டம்தான்.

## முழுப் பங்கு கொடுத்துச் சேர்ப்பது

சுத்தமான வழி. வந்தவருக்கும் இருப்பவருக்கும் ஒரே பங்கு, மனக்கசப்பு இல்லை. ஆனால் வருகிறவர் தன் பங்கைத் தானே சம்பாதித்துக்கொண்டு வருகிறவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எஸ்.இ.சி. டெக்ஸஸையும் ஒக்லஹோமாவையும் எடுத்ததை இதற்கு மாதிரியாகச் சொல்லலாம். சி.பி.எஸ். சேனல் ஆண்டுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்து வந்த ஆட்டத் தொகுப்பை இ.எஸ்.பி.என். 2024 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடிக்கு ஏற்கெனவே வாங்கியிருந்தது. புதிய இருவர் வந்ததும் அவர்களுக்கான பங்கையும் அதுவே ஏற்றது. பணத்தைவிட முக்கியமாக, வந்த இருவரும் பழைய உறுப்பினர்களின் ஆட்டத்துக்கும் விலை ஏற்றினார்கள். 2011-க்குப் பிறகு ஆடாமலே இருந்த டெக்ஸஸும் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மும் 2024 நவம்பர் 30 அன்று காலேஜ் ஸ்டேஷனில் மோதின. டெக்ஸஸ் 17-7 என்று ஜெயித்தது. பதின்மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு பங்காளிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் ஊரே வேடிக்கை பார்க்க வராதா? நியூஜெர்சியின் ரட்கர்ஸும் யு.சி.எல்.ஏ.வும் மோதினால் அந்தக் கூட்டம் வராது.

ரட்கர்ஸைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 2014-இல் பிக் டென் அதையும் மேரிலாண்டையும் சேர்த்தபோது, ஆட்டத்தில் இவர்கள் என்ன கிழித்தார்கள் என்று கேட்காத ரசிகர் இல்லை. காரணம் கேபிள் பில். பிக் டென்னுக்கு 2007 முதல் சொந்தப் பெயரில், ஃபாக்ஸோடு கூட்டாக ஒரு சேனல் உண்டு. கான்ஃபரன்ஸ் கல்லூரி இல்லாத பகுதியில் அந்தச் சேனலுக்கு ஒரு வீட்டுக்கு மாதம் சில காசுகள்தான் கிடைக்கும். அந்தப் பகுதியில் ஓர் உறுப்பினர் வந்துவிட்டால் கட்டணம் பல மடங்கு. ரட்கர்ஸ் மைதானம் இருக்கும் பிஸ்கடவேயிலிருந்து நியூயார்க் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆட்டமே பார்க்காத பாட்டி வீட்டு கேபிள் பில்லிலிருந்தும் மாதாமாதம் ஒரு துளி பிக் டென்னுக்குச் சொட்டியது. அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்காரக் கணக்கு.

இன்று அதே கணக்கைச் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள். கேபிளை வெட்டியவர்கள் போக மிச்சம் இருக்கும் வீடுகள் வருடா வருடம் குறைகின்றன. ஸ்ட்ரீமிங்கில் பாட்டி பணம் கட்ட மாட்டார், பார்ப்பவர் மட்டும்தான் கட்டுவார். ஊர் எவ்வளவு பெரியது என்பது போய், எத்தனை பேர் உண்மையில் டிவி முன் உட்கார்கிறார்கள் என்பதே இன்றைய விலை. "பெரிய சந்தை" என்று அறிமுகப்படுத்தப்படும் எந்தக் கல்லூரியையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இன்னொரு பழைய காரணமும் காலாவதியாகிவிட்டது. 1992-இல் எஸ்.இ.சி. ஆர்கன்ஸாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்துப் பன்னிரண்டை எட்டி, இரண்டு பிரிவாகப் பிரிந்து, விற்பதற்கு ஒரு புது ஆட்டத்தையே உருவாக்கியது: சாம்பியன்ஷிப் ஆட்டம். பர்மிங்ஹாமில் நடந்த முதல் ஆட்டத்தில் அலபாமா 28, ஃப்ளோரிடா 21. அப்போது பன்னிரண்டு பேர் இருந்தால்தான் அனுமதி. 2016-இல் விதி தளர்ந்தது. இப்போது பத்துப் பேரே இறுதி ஆட்டம் நடத்தலாம்.

அதிகம் சேர்த்து அழிந்த கதையும் உண்டு. 1996-இல் வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் பதினாறு ஆனது. ஹவாய் முதல் ஒக்லஹோமா வரை பரந்த கூட்டம். நான்கு நான்காகப் பிரித்துச் சுழற்சி முறையில் ஆடவைத்தார்கள். பழைய எதிரிகள் பிரிந்துபோனார்கள், விமானச் செலவு ஏறியது, பங்கு குறைந்தது. 1998-இலேயே எட்டுக் கல்லூரிகள் வெளியேற முடிவெடுத்து மவுன்டன் வெஸ்ட்டைத் தொடங்கின. சேர்த்த மேஜையில் மை காய்வதற்குள் பாகப்பிரிவினை.

பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கால்பந்து அணி ஒரு பருவத்துக்கு ஐந்தாறு முறைதான் வெளியூர் போகும், அதுவும் வார இறுதியில். செலவு வேறு இடத்தில். வாலிபால், சாஃப்ட்பால், சாக்கர், கூடைப்பந்து அணிகள் வாரத்தின் நடுவிலும் பறக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூஜெர்சி நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. யு.சி.எல்.ஏ. பிக் டென்னுக்குப் போவதால் விமானம், சாப்பாடு, படிப்பு உதவி என்று ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் அளவுக்குக் கூடுதல் செலவாகும் என்று அப்போதே கணக்கிட்டார்கள். அது போதாதென்று, அதே பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த பெர்க்லி பேக்-12 உடைந்ததில் நஷ்டப்பட்டதற்காக, யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் அதற்குக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. புகுந்த வீட்டில் வருமானம் கூடியது, பிறந்த வீட்டுக்கு மாதப்படி கட்ட வேண்டியதாயிற்று.

## குறைந்த பங்கு கொடுத்துச் சேர்ப்பது

பேக்-12 சரிந்த பிறகு இதுதான் நடைமுறையாகிவிட்டது. அண்மைச் சேர்க்கைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் யாரிடம் பேரம் பேசும் சக்தி இருந்தது என்பது தெரியும்.

| ஆண்டு | கான்ஃபரன்ஸ் | சேர்ந்தவர்கள் | பங்கு |
|---|---|---|---|
| 2023 | பிக் 12 | பி.ஒய்.யு., சின்சினாட்டி, ஹூஸ்டன், யு.சி.எஃப். | முதல் இரண்டு ஆண்டு குறைவு, பிறகு முழுசு |
| 2024 | எஸ்.இ.சி. | டெக்ஸஸ், ஒக்லஹோமா | முழுசு |
| 2024 | பிக் டென் | யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. | முழுசு |
| 2024 | பிக் டென் | ஒரிகான், வாஷிங்டன் | ஏறத்தாழ 3 கோடி டாலர், ஆண்டுக்கு 10 லட்சம் உயர்வு |
| 2024 | பிக் 12 | கொலராடோ, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா | முழுசு |
| 2024 | ஏ.சி.சி. | ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி | ஏழு ஆண்டு 30 சதவீதம் |
| 2024 | ஏ.சி.சி. | எஸ்.எம்.யு. | ஒன்பது ஆண்டு தொலைக்காட்சிப் பணம் இல்லை |

பழைய உறுப்பினரின் கண்ணால் பார்த்தால் ஏ.சி.சி. செய்தது அபார வியாபாரம். ஒப்பந்தப்படி இ.எஸ்.பி.என். மூன்று புதியவர்களுக்கும் சேர்த்துப் பணம் தர வேண்டும். வந்தவர்கள் தங்கள் பங்கில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். மிச்சமாகும் தொகை ஆண்டுக்கு 5 முதல் 6 கோடி டாலர் வரை என்று அப்போது மதிப்பிட்டார்கள். பழையவர்கள் அதைப் பிரித்துக்கொள்ளலாம், பயணச் செலவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எஸ்.எம்.யு. ஏன் சம்மதித்தது? 1987-இல் என்.சி.ஏ.ஏ. அதன் கால்பந்தையே ஒரு வருடம் நிறுத்திவைத்த பிறகு, பெரிய மேசையில் இடம் கிடைக்காமல் சுற்றிய கல்லூரி அது. 2016-இல் பிக் 12 பேசிப்பார்த்து விட்டுவிட்ட பதினொன்றில் அதுவும் ஒன்று. டல்லாஸில் பணக்காரப் பழைய மாணவர்கள் நிறைய. அழைப்பு வந்த ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டிவிட்டார்கள். முதல் வருடமே ஏ.சி.சி. இறுதி ஆட்டத்துக்குப் போய், கடைசி நொடியில் கிளெம்சன் 56 கஜத்திலிருந்து உதைத்த பந்தில் 34-31 என்று தோற்றார்கள். ஆனாலும் பிளேஆஃபில் இடம் கிடைத்தது. கைக்காசைப் போட்டு இடம் வாங்கியவர்களுக்கு அது லாபம்தான். உங்கள் கல்லூரிக்கு அப்படிப்பட்ட பழைய மாணவர்கள் இல்லையென்றால் எஸ்.எம்.யு.வைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது, தள்ளுபடி ஒரு நாள் முடியும். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் எட்டாம் ஆண்டு 70 சதவீதம், ஒன்பதில் 75, பத்தில் முழுசு வாங்குவார்கள். அதற்குள் அவர்கள் மதிப்பு உயராவிட்டால் இன்றைய மிச்சம் நாளைய பற்றாக்குறை. இரண்டாவது, வாக்கு. பணத்தில் 30 சதவீதம் வாங்கினாலும், எஸ்.எம்.யு. ஒன்றும் வாங்காவிட்டாலும், ஒவ்வொருவருக்கும் முழு ஓட்டு. 2023 செப்டம்பர் 1 வாக்கெடுப்பு 12-3. எதிர்த்தவை ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன், நார்த் கரோலினா. அதாவது அதிகம் சம்பாதித்துத் தருபவர்களில் மூவர்.

## ஆளைக் கூட்டாமல் பங்கை மாற்றுவது

விரிவாக்கம் பேசப்படும்போது பட்டியலில் பெரும்பாலும் வராத வழி இது. அந்த வாக்கெடுப்பு முடிந்து நான்கு மாதம் ஆவதற்குள் ஃப்ளோரிடா ஸ்டேட் கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் சமரசம் வந்தது. அடிப்படைத் தொலைக்காட்சிப் பணத்தில் 60 சதவீதம் இனிப் பார்வையாளர் எண்ணிக்கைப்படி, மீதி 40 சமமாக. வெளியேறும் கட்டணம் 2026-இல் 16.5 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து, 2030-31-இல் 7.5 கோடியில் நிற்கும்.

இதற்குப் பயணச் செலவு இல்லை, வெளியார் ஓட்டும் இல்லை. ஆனால் கீழே இருப்பவர்கள் வருடா வருடம் இழப்பார்கள், அவர்கள் சம்மதிப்பதே பெரிய ஆள் ஓடிவிடுவான் என்ற பயத்தில்தான். கான்ஃபரன்ஸின் பிரச்சினை ஆள் குறைவாக இருப்பதல்ல, நட்சத்திரங்கள் முகம் சுளிப்பதுதான் என்றால், முதலில் முயல வேண்டியது இது. வெளியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தால் அந்த முகச்சுளிப்பு கூடத்தான் செய்யும், ஏ.சி.சி.யில் அதுதானே நடந்தது.

## கை தூக்குவதற்கு முன்

உங்கள் கான்ஃபரன்ஸ் பிக் டென்னோ எஸ்.இ.சி.யோ என்றால் எதிர்த்துக் கை தூக்குங்கள். உங்கள் சராசரிக்கு மேல் சம்பாதித்துத் தரக்கூடியவர்கள் வெளியே அதிகம் இல்லை, பிளேஆஃப் பங்கும் கரையும். நடுத்தட்டில் இருந்தால், "அதே தொகை" ஷரத்து எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், தொலைக்காட்சிக்காரர்கள் அந்தக் குறிப்பிட்ட கல்லூரிக்கு அதை மதிக்கத் தயாரா என்று கேளுங்கள். 2016-இல் பிக் 12-க்கு ஷரத்து இருந்தது, தயார்தான் இல்லை. பிறகு 2022 ஒப்பந்தத்திலும் ஷரத்து இருந்தது. பெரிய கான்ஃபரன்ஸிலிருந்து வந்த நான்கு பேருக்கு அதன்படி முழுப் பணம் வந்தது.

கீழ்த்தட்டில் இருந்தால் நிலைமை வேறு. அங்கே விரிவாக்கம் லாபத்துக்காக அல்ல, நாளை பாதிப்பேர் போனாலும் கடை திறந்திருக்க வேண்டும் என்பதற்காக. அதைக் காப்பீட்டுப் பிரீமியம் என்று எழுதி, அந்தக் கணக்கில் வையுங்கள். பிரீமியம் எவ்வளவு வரை போகும் என்பதற்கு மறுபடியும் கட்டப்பட்ட பேக்-12 உதாரணம். 2026 பருவத்துக்காக மவுன்டன் வெஸ்ட்டிலிருந்து ஐந்து கல்லூரிகளை எடுத்ததற்கு, வெளியேறும் கட்டணம் தனியாக இருக்க, ஆள் பிடித்ததற்கான அபராதம் என்று மட்டும் மவுன்டன் வெஸ்ட் கேட்டது 5.5 கோடி டாலர். முதல் ஆளுக்கு ஒரு கோடி, அடுத்தடுத்த ஆளுக்கு ஐந்தைந்து லட்சம் கூடுதல். ஒரு பருவத்துக்கு ஆட்டங்கள் ஏற்பாடு செய்துகொள்ள இரு தரப்பும் போட்ட ஒப்பந்தத்திலேயே அந்த ஷரத்து இருந்தது. அந்தப் பணத்துக்காகக் கோர்ட்டுக்கும் போக வேண்டியதாயிற்று.

இன்னொன்று, தேதி. பிக் டென்னின் 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் 2030-இல் முடிகிறது, பிக் 12-உடையது 2030-31-இல். ஏ.சி.சி.யில் வெளியேறும் கட்டணம் அடித்தட்டைத் தொடுவதும் அதே வருடம். இப்போது சேர்க்கப்படும் எந்தக் கல்லூரிக்கும் தன் விலையை நிரூபிக்க அதற்குள் மூன்று நான்கு பருவம்தான் கிடைக்கும். உங்கள் கூட்டத்தில் யாராவது பதினைந்து வருட வருமானக் கணிப்பு ஒன்றைத் திரையில் போட்டால், 2031-க்குப் பிறகு வருகிற எண்கள் எந்த ஒப்பந்தத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று கேட்டுப் பாருங்கள்.